கடை விலாசத்து டீச்சர்

"ஒங்க வீட்டத் தேடி ஒரு அம்மா வந்துச்சு" என்றார் செல்லையா முதலாளி.

பசறைக் கடைத்தெருவில் அவருடைய பலசரக்குக் கடை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை அது. கடை முழுக்க நனைந்த சாக்கின் வாசனையும் கருவாட்டு வாசனையும். என் மகள் மிதுவுக்கு இருமல் மருந்து வாங்க வந்தவள், பருப்பும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று உள்ளே நுழைந்திருந்தேன். மிது என் இடுப்பில் இருந்தபடி தொங்கிய சவர்க்காரப் பைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒரு வயது முடிந்து ஒரு மாதம்.

"எங்க வீட்டையா? இங்கயா?" என்றேன்.

"இங்கதான். கையில கடுதாசி. அதுல நம்ம கடை நம்பர். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. சத்யா எண்ட பிள்ளையின்ர வீடு இதுதானோன்னு கேட்டுச்சு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"இதுதான்னு சொன்னேன்."

முதலாளி பருப்பை நிறுத்துக்கொண்டே நிதானமாகத் தொடர்ந்தார். "அந்தம்மா நிமிந்து மாடியப் பாத்துச்சு. மாடியில என்னா இருக்கு, அரிசி மூட்டைதான். நல்லவேளை, ஜன்னல் சாத்திக் கெடந்துச்சு. புள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பதான் டவுனுக்குப் போனாங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க முதலாளி அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னாம்மா சொல்ல? நாலு பேருக்கு முன்னால ஒங்கள விட்டுக்குடுக்க முடியுமா?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மூன்று ஆங்கிலப் பாடப் புத்தகங்கள். மேலே ஒரு துண்டுக் காகிதம். 'திங்கட்கிழமை காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. புத்தகங்களைப் பார்த்து வைக்கவும். வீடு பஸ் தரிப்பிடத்துக்கு இவ்வளவு கிட்ட என்பது நல்லதாய்ப் போயிற்று.'

அந்தக் காகிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான், பதுளையில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை. என் வீடு அங்கிருந்து மடுல்சீமைப் பாதையில் ஒரு மணி நேர பஸ், அதன் பிறகு அரை மணி நேர மேட்டு நடை. எங்கள் பக்கத்து முதல் பஸ் பதுளைக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது மணி தாண்டிவிடும்.

தப்பால் பை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் மிதுவின் பிறப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், "தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறீர்கள் என்கிறீர்கள், விலாசம் பசறைக் கடை என்று இருக்கிறதே" என்று. அவருக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, தனித்தனி விலாசம் கிடையாது. எந்தக் கடிதம் வந்தாலும் அது முதலில் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கே ஒரு தோல் பை தொங்கும். தப்பால் பை என்போம். ஆபீசில் யாருக்காவது நேரம் கிடைக்கும்போது அதைத் திறந்து, டிவிஷன் வாரியாகப் பிரித்து, கணக்கப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். அவர் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, கடிதத்துக்கும் பேர் கூப்பிடுவார். அன்று அந்த வீட்டில் யாரும் வேலைக்கு வரவில்லையென்றால் கடிதம் அவர் சட்டைப் பையிலேயே திரும்பிப் போகும்.

நான் உயர்தரம் முடித்த வருடம், கல்வியியற் கல்லூரியிலிருந்து எனக்கு நேர்முகக் கடிதம் ஒன்று வந்தது. அது என் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து ஒன்பது நாள். உறையின் மேல் யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்த வட்டம் இருந்தது. அப்பா அந்த வட்டத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பசறைக்குக் கூட்டிப்போய், நாங்கள் மாதச் சாமான் வாங்கும் கடையில் நிறுத்தினார்.

"முதலாளி, இனிமே புள்ளைக்கு வர்ற கடுதாசியெல்லாம் ஒங்க விலாசத்துக்கு வரட்டுங்களா?"

"வரட்டுமே. ஏற்கெனவே இருபது வீட்டுக் கடுதாசி வருது. இருபத்தொண்ணா இருக்கட்டும்."

அன்றிலிருந்து நான் நிரப்பிய எல்லா விண்ணப்பங்களிலும் அந்தக் கடை இலக்கம்தான். எங்கள் பக்கத்தில் படித்த பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரை.

மாடிப்படி ஏறிய கதை

வேலை கிடைத்த கதையைச் சொல்லவில்லையே.

பதுளையில் போட்டோகொப்பிக் கடைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'பேச்சு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியை தேவை.' கல்யாணத்துக்கு முன் நான் ஆங்கில டிப்ளோமா முடித்திருந்தேன். அதன் பிறகு ஆங்கிலம் பேச எனக்கு ஆளில்லை. எங்கள் தோட்டத்தில் ஆங்கிலம் என்பது ஆபீஸ் கடிதத் தலைப்பிலும் மருந்துப் போத்தலிலும் மட்டும் இருக்கிற மொழி. மிதுவைத் தூங்கவைக்கும்போது பால்மா டின்னில் எழுதியிருப்பதை அவளுக்கு ராகம் போட்டு வாசித்துக் காட்டுவேன். அவளும் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். அதுதான் என் ஆங்கில அனுபவம்.

அந்த வகுப்பு ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. நடத்தியவர் சுகந்தி மிஸ், கடைக்கு வந்த அந்த அம்மா. நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வங்கி வேலைக்கு வந்தவர். மிஸ் பிறந்ததும் வளர்ந்ததும் பதுளையில்தான், பேச்சு மட்டும் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு. என் சான்றிதழ்களை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நான் இப்ப ஒரு இங்கிலீஷும் தெரியாத ஆள். எனக்குத் தேத்தண்ணி போடப் பழக்குங்கோ. தமிழில ஒரு சொல்லும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு மாணவர் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேசையில் ஒரு கோப்பையும் தண்ணீர்ப் போத்தலும்தான் இருந்தன. கோப்பையைத் தொட்டேன், அதன் பெயரைச் சொன்னேன். போத்தலைத் தொட்டேன். கையால் அடுப்பு மூட்டினேன், காற்றில் கேத்தலை வைத்தேன், தேயிலையை விரல் நுனியால் கிள்ளிப் போட்டேன். சூடு என்பதற்கு விரலைச் சுட்டுக்கொண்டதுபோல உதறினேன். மிஸ் என் பின்னால் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அந்த வெறும் கோப்பையைத் தூக்கிக் குடித்தார்.

"சீனி காணாது" என்றார்.

அப்புறம்தான் என் விண்ணப்பத்தை எடுத்தார். "கலியாணம் முடிச்சு, ஒரு பிள்ளை. வீடு பசறை டவுனுக்குள்ளையோ?"

இந்த இடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஆமாம் என்ற பதிலுக்கு வாசல் திறந்திருந்தது. தோட்டம் என்று சொன்னால் முகம் மாறுமோ என்று ஒரு பயம். உண்மையில் அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பயம் முழுக்க என்னுடையது.

"ஆமாங்க மிஸ்" என்றேன்.

சிவா சொன்னது

என் கணவர் சிவா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் உடம்பில் எப்போதும் வறுத்த தேயிலை வாசனை இருக்கும். மிது அதற்காகவே அவர் கழுத்தில் முகத்தைப் புதைப்பாள். அன்று மாலை மூன்று புத்தகங்களையும் அந்தக் காகிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் சிரித்தார். மாடியில் அரிசி மூட்டை இருந்த இடத்தைச் சொன்னபோது இன்னும் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒனக்குப் பொய்யும் சொல்லத் தெரியல, உண்மையும் சொல்லத் தெரியல" என்றார். "பசறையில ரூம் எடுப்போமா?"

"புள்ளைய யாரு பாக்குறது? இங்கன்னா பிள்ளைக் காம்பரா இருக்கு, ஆயம்மா இருக்காங்க. அங்க யாரு இருக்கா?"

பிள்ளைக் காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். வரிசையாகத் தொட்டில்கள். எங்கள் காம்பரா ஆயம்மா மிதுவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். "பகல் பூரா பாக்குறேன். ஆனா காலையில ஆறு மணிக்கு முன்னால கதவு தொறக்க மாட்டேன், நானும் மனுசிதானே" என்றும் சொல்லியிருந்தார்.

"அப்ப ஒண்ணு செய்" என்றார் சிவா. "போய்ச் சொல்லிரு. வேலை போனா போகட்டும்."

அவருக்கு அது சுலபமாக வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஆசைப்படுவதே தவறோ என்று ஒரு பக்கம். இந்த வேலையும் போனால், அந்தக் கோப்பை வட்டம் பதிந்த கடிதம் மாதிரி இன்னொன்றும் கை நழுவிப் போய்விடுமே என்று ஒரு பக்கம். புத்தகங்களைத் திறந்தேன், மூடினேன். முதல் பாடம் வீட்டுச் சாமான்களின் படங்கள். துடைப்பம், வாளி, சட்டி. மிது அந்தப் பக்கத்தை நக்கிப் பார்த்தாள்.

சனிக்கிழமை

முதல் பஸ்ஸில் போனோம், நானும் மிதுவும். வளைவுகளில் அவள் என் மேல் பால் கக்கினாள். அந்தக் கோலத்தில்தான் மாடிப்படி ஏறினேன்.

சுகந்தி மிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். "என்ன, இண்டைக்கே வந்திட்டீர்? திங்கட்கிழமை எல்லோ?"

புத்தகப் பையை மேசையில் வைத்தேன். மிதுவைத் தரையில் இறக்கிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"மிஸ், அது கடைங்க. நான் அங்க இல்லங்க."

"தெரியும். கடைக்கு மேலதானே வீடு."

"மேல அரிசி மூட்டைங்க மிஸ்."

மிஸ் பேனாவை மூடினார். "அப்ப அந்த மனுசன் நீர் டவுனுக்குப் போயிட்டீர் எண்டு சொன்னவர். எந்த டவுன் எண்டு வழியெல்லாம் யோசிச்சன். நான் டவுனுக்குள்ளதானே நிக்கிறன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பால் பை, பெரட்டு, ஒன்பது நாள் பிந்திய கடிதம், அப்பா, முதலாளி. பஸ் நேரங்களைச் சொன்னேன். ஆயம்மா ஆறு மணிக்கு முன்னால் கதவு திறக்கமாட்டார் என்பதையும் ஏனோ சொன்னேன்.

"அந்த விலாசம் எனக்கு விளங்குது" என்றார் மிஸ் கடைசியில். "ஆனா நான் வாயால கேட்டனான். அதுக்கு ஏன் ஆமெண்டு சொன்னனீர்?"

நான் தோளில் காய்ந்திருந்த பால் கறையைத் துடைத்தேன்.

"ஆறரை வகுப்புக்குத்தான் நான் ஆள் தேடினது. எல்ல ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களில வேலை செய்யிற பெடியள், வேலைக்குப் போக முதல் வந்து படிக்கிறவை. அதை நான் மாத்த ஏலாது."

"சரிங்க மிஸ்" என்றேன். எழுந்தேன். வேலை போய்விட்டது. மிதுவைத் தூக்கக் குனிந்தபோது அவள் சுண்ணாம்புக் கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள், வாயெல்லாம் வெள்ளை.

மிஸ் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான் அவள் வாயைக் கழுவினேன். அவ்வளவு நேரமும் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உம்மால எத்தினை மணிக்கு வர ஏலும்?"

"பத்து மணிக்குங்க. ஒரு மணி பஸ்ஸுக்குப் போயிரணும்."

"பத்து மணிக்கு ஒரு வகுப்பு இருக்கு. வாரத்தில மூண்டு நாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பொம்பிளையள். அவையளும் உங்கட அந்த முதல் பஸ்ஸில வந்து இறங்கிறவைதான், அதாலதான் பத்து மணி." விடைத்தாள்களை அடுக்கினார். "நான்தான் அதை எடுக்கிறன். எனக்கு அது சரிவரேல்லை. நான் வாளியைக் காட்ட, அவையள் வேற என்னவோ யோசிச்சுக்கொண்டிருப்பினம். அதை நீர் எடும். ஆறரைக்கு நானே எழும்பி வாறன்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டி மறித்தார்.

"இனி ஒருக்கா நான் வீடு தேடி வந்தா அங்க வீடு இருக்கவேணும். அவ்வளவுதான்."

பத்து மணி வகுப்பு

முதல் நாள் மிதுவைத் தொட்டிலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கு என்றார் ஆயம்மா. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. அதற்காகவும் கொஞ்ச தூரம் அழுதுகொண்டே நடந்தேன்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். மடுல்சீமையில் ஏறியவராம். பசறை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பதுளையில் இறங்கினோம். நான் நடந்த பக்கமே அவரும் நடந்தார். மருந்துக் கடையில் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். படியில் அவர் நின்றுவிட்டார்.

"நீயும் வெளிநாடு போறியாம்மா?"

"இல்லங்க அக்கா. நான் சொல்லிக்குடுக்க வந்திருக்கேன்."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, டீச்சரு தோளுலயா எச்சி ஊத்துனேன்."

அவர் பெயர் மல்லிகா. வகுப்பில் அவரையும் சேர்த்து ஐந்து பேர். நான் முதலில் என்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னேன். பெயர், பிறகு தோட்டத்தின் பெயர், மேல் டிவிஷன், லயம். லயம் என்ற சொல்லைக் கேட்டதும் பின்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினேன். வாளியைத் தட்டிக் காட்டினேன். சொன்னார்கள். மிஸ் சொன்னது போலவே, வாய் சொன்னது, கண் வேறெங்கோ இருந்தது. நான் சட்டியை எடுத்தபோது மல்லிகா அக்கா கையைத் தூக்கினார்.

"டீச்சர், கோவிச்சிக்கிறாதீங்க. தொடப்பம், சட்டி, வாளியெல்லாம் அங்க போயி கையால காட்டுனா அவங்களே பேரு சொல்லிக்குடுத்துருவாங்க. எனக்கு வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இருக்குன்னு எப்படிங்க சொல்லுறது? அத அங்க வச்சுக் காட்ட முடியாதே."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சட்டியைக் கீழே வைத்தேன். பலகையில் எழுதினேன். ஐ ஹேவ் எ டோட்டர். இன்னொரு வரி, மகன் இருப்பவர்களுக்கு. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவருக்கு ஐந்து வயதில் மகன். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்துக் கற்றுக்கொண்டார். லுணுகலையிலிருந்து வந்த ஒரு பெண் சொல்லி முடித்ததும் முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்றேன் டீச்சர், இப்ப கொரல் சரியில்ல" என்றார். மல்லிகா அக்காவின் மகளுக்கு ஆறு வயது. ஷி இஸ் சிக்ஸ்.

"டீச்சருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

நானும் சொன்னேன். என் மகளுக்கு ஒரு வயது என்று. ஒரு பகலுக்கு அவளை விட்டுவிட்டு வந்ததற்கு வழியெல்லாம் அழுதவள் நான். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

மணி பன்னிரண்டரை ஆனது. பலகையை அழிக்கத் துணியை எடுத்தேன்.

"இருங்க டீச்சர்" என்றார் மல்லிகா அக்கா. "ஆறு வயசு சரி. நான் அங்க ரெண்டு வருசம் இருப்பேன். ஏழு, எட்டு எல்லாம் அங்க வச்சுத்தானே ஆகும். அதையும் இப்பவே எழுதித் தந்துருங்க."

எழுதினேன். ஷி இஸ் செவன். அதற்குக் கீழே, ஷி இஸ் எய்ட். மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்டார்கள். ஐந்து வயதுக்குப் பிறகு ஆறு, ஏழு. மூன்று பிள்ளைக்காரிக்கு ஒன்பது வரிகள். பலகை நிறைந்து ஓரங்களில் சாய்வாக எழுத வேண்டியிருந்தது. அவர்கள் எழுத்துக்கு எழுத்து பார்த்து மெதுவாக எழுதினார்கள். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணி பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் எனக்கும் மல்லிகா அக்காவுக்கும் ஒரே சீட். அவர் கொப்பியை மடியில் விரித்து வைத்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறு சரியாக வந்தது. ஏழும் வந்தது. எட்டில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நான் திருத்தவில்லை. அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.